சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதுதல்: வன்னியில் கேட்கப்பட்ட கேள்விகள்

ஆறு ஆண்டுகளாக இரவுகளிலும் பாடசாலை விடுமுறைகளிலும் ஓர் இயங்குதளத்தை எழுதிவருகிறேன். வீடு கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடு வாய்க்கால் ஓடும் ஊரொன்றில் இருக்கிறது. பகலில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். இந்த வேலையைக் கேள்விப்பட்ட மாணவர்களும், அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்துக்குப் போன பழைய மாணவர்களும், சில தாய்மாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இயங்குதளம் என்கிறீர்கள். எங்கள் பாடநூலில் 'பணிசெயல் முறைமை' என்றல்லவா இருக்கிறது?

இரண்டும் ஒன்றுதான். பரீட்சையில் பாடநூற் சொல்லையே எழுதுங்கள். கணினியின் செயலி, நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை ஆகியவற்றைப் பொறுப்பெடுத்து, அவற்றைக் கேட்டு வரும் நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள் அது.

சிறுபோகக் கூட்டத்துக்குப் போயிருந்தால் உங்களுக்கு இது உடனே விளங்கும். குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். பிறகு வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஒருவர் தன் முறை முடிந்த பின்னும் மதகை மூடாமல் இருந்தால் கடைக்கோடி வயல் காய்ந்துவிடும். செயலியின் நேரத்தைப் பங்கிடும் பகுதியும் இதே வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு நிரலுக்கும் சில மில்லி விநாடிகள் கொடுக்கும். நேரம் முடிந்ததும் கடிகாரச் சில்லு குரல் கொடுக்க, செயலியைப் பிடுங்கி அடுத்த நிரலிடம் கொடுக்கும். இந்தப் பிடுங்கும் அதிகாரம் இல்லாத இயங்குதளத்தில் ஒரே ஒரு பிழையான நிரல் முழுக் கணினியையும் நிறுத்திவிடும்.

விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் இருக்க இன்னொன்று எதற்கு?

அவற்றின் இடத்தைப் பிடிப்பதற்காக நான் எழுதவில்லை. மின்விசையை அழுத்தும் கணத்திலிருந்து திரையில் ஓர் எழுத்துத் தோன்றும் கணம்வரை நடப்பதை ஒரு வரி விடாமல் அறிய வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

லினக்ஸும் இப்படித்தான் தொடங்கியது. 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வராது என்றும் அதிலேயே சொன்னார். அப்போது அவருக்கு 21 வயது. அடுத்த மாதம் வெளிவந்த முதற் பதிப்பில் ஏறத்தாழ பத்தாயிரம் வரிகளே இருந்தன. இன்று அது மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது.

அந்த அளவுக்கு வளராதவற்றிடமும் படிக்க நிறைய இருக்கிறது. மெனுவெட் என்ற இயங்குதளம் முழுவதும், செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. சாளரங்கள் உட்பட எல்லாமே 1.44 மெகாபைட் நெகிழ்வட்டு ஒன்றில் அடங்கிவிடும். சுவீடனைச் சேர்ந்த ஆன்ட்ரியாஸ் கிளிங் போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட நாட்களில், 2018இல், செரினிட்டி இயங்குதளத்தைத் தொடங்கினார். நாளை நிரப்ப அவருக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. பின்னர் நூற்றுக்கணக்கானவர்கள் அதில் சேர்ந்து எழுதினார்கள். அவருடைய கதையை மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன்.

இதற்கு விலை கூடிய கணினியும் வேகமான இணையமும் வேண்டாமா?

இரண்டும் வேண்டாம். வன்னிக்கு இது மிகவும் பொருத்தமான வேலை என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தேவையான கருவிகளைக் கிளிநொச்சி நகரில் நல்ல இணைப்புக் கிடைக்கும் ஒரு மாலையில் இறக்கிக்கொண்டால் போதும். அதன் பிறகு மாதக்கணக்கில் இணையம் இல்லாமலே வேலை செய்யலாம்.

வேண்டியவை: லினக்ஸ் ஓடும் ஏதாவதொரு மடிக்கணினி, எழுதிய நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றும் ஜிசிசி தொகுப்பான், அசெம்பிளிக்கு அதே வேலையைச் செய்யும் நாஸ்ம் அசெம்பிளர், கியூஎமு. கடைசியாகச் சொன்ன கியூஎமு, கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக ஓட்டும் மென்பொருள். ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் எழுதி 2003இல் வெளியிட்டது. உங்கள் இயங்குதளம் ஒரு நாளில் நூறு முறை விழுந்தாலும், கியூஎமுவுக்குள் விழும்போது அடுத்த விநாடியே மீண்டும் தொடங்கலாம்.

ஆனால் உண்மையான இயந்திரம் ஒன்றும் அருகில் இருக்கட்டும். நான் சோதனைக்கு வைத்திருப்பது, மூடப்பட்ட ஒரு தொடர்பாடல் நிலையத்திலிருந்து வாங்கிய பழைய மேசைக்கணினி. பெட்டியைத் திறந்தபோது விசிறியில் செம்மண் புழுதி விரற்கடை அளவுக்குப் படிந்திருந்தது. மின்வழங்கிக்குள் எறும்புகள் குடியிருந்தன. தூரிகையால் துடைத்து, நினைவகப் பட்டையின் பொன்னிற முனைகளை அழிறப்பரால் தேய்த்து, தாய்ப்பலகையில் இருந்த நாணய அளவுப் பற்றரியை மாற்றியதும் அது எழும்பியது. பின்பக்கத்தில் பழைய தொடர்முனை ஒன்று இருந்ததுதான் அதை வாங்கக் காரணம். திரை வேலை செய்யாத வேளையிலும் அந்த முனை வழியாக இயங்குதளம் எழுத்தெழுத்தாகச் செய்தி அனுப்பும். பிழை தேடுபவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

எங்கிருந்து தொடங்குவது?

512 பைட்டுகளிலிருந்து தொடங்குங்கள். பயோஸ் என்பது கணினி எழும்பும்போது முதலில் ஓடும், தாய்ப்பலகையிலேயே பதிந்த மென்பொருள். பழைய பயோஸ் முறையில் கணினி எழும்பியதும் வட்டின் முதல் 512 பைட்டுகளை எடுத்து நினைவகத்தின் 31744ஆம் முகவரியில் வைக்கும். கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்று இருந்தால், 'இது தொடக்க நிரல்' என்று நம்பிச் செயலியை அந்த இடத்துக்கு அனுப்பிவிடும். அதன் பிறகு நடப்பதெல்லாம் உங்கள் பொறுப்பு.

அந்தக் கணத்தில் செயலி, 1978ஆம் ஆண்டின் 8086 சில்லைப் போல 16 பிட் முறையில் இருக்கும். ஒரு மெகாபைட்டுக்கு மேல் அதற்கு எட்டாது. நீங்கள்தான் அதை 32 பிட்டுக்கும், பிறகு 64 பிட்டுக்கும் ஏற்ற வேண்டும். முதற் சொல்லைத் திரையில் காட்டுவது இலகு. எழுத்துமுறைத் திரையில் வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. அதன் நினைவகம் 753664ஆம் முகவரியில் தொடங்குகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பைட்டு: ஒன்று எழுத்து, மற்றது நிறம். மொத்தம் 4000 பைட்டு. அங்கே 65 என்று எழுதினால் ஆங்கிலத்தின் முதல் எழுத்து திரையில் வந்து நிற்கும். நடுவில் எந்த மென்பொருளும் இல்லை.

இதை ஒருமுறை கையால் செய்து பாருங்கள். பிறகு க்ரப் அல்லது லிமைன் போன்ற ஆயத்தத் தொடக்கியைப் பயன்படுத்துங்கள். புதிய கணினிகள் பலவற்றில் பழைய பயோஸ் முறையே இல்லை. அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ முறைதான் இருக்கிறது. தொடக்கியை மெருகேற்றிக்கொண்டே ஒரு வருடத்தைக் கழித்துவிட்டு, இயங்குதளத்தை எழுதாமலே களைத்துப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

எந்த நிரல்மொழி?

சி. ரஸ்ட் தெரிந்தால் ரஸ்ட். உயர்தரப் பாடத்தில் படித்த பைதன் இங்கே நேரடியாக உதவாது, ஏனென்றால் பைதன் ஓடுவதற்கே ஓர் இயங்குதளம் வேண்டும். கொஞ்சம் அசெம்பிளியும் தவிர்க்க முடியாது.

விசைப்பலகையில் முதல் எழுத்து மட்டும் வருகிறது, அடுத்தது வரவில்லை. ஏன்?

தொடங்குபவர்களில் பாதிப் பேராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். எனக்கும் இது நடந்தது, மூன்று இரவுகள் போயின. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஒரு விசையை அழுத்தியதும் விசைப்பலகைச் சில்லு செயலிக்கு ஓர் இன்டரப்ட் அனுப்புகிறது. செயலி செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு, அதற்கென்று நீங்கள் எழுதிய செயற்கூற்றுக்கு, அதாவது அந்த ஒரு வேலைக்கான நிரற்பகுதிக்கு, வருகிறது. சாதனங்களோடு பேசுவதற்குச் செயலிக்கு எண்ணிட்ட வாயில்கள் உண்டு. நீங்கள் 96ஆம் வாயிலிலிருந்து ஓர் எண்ணைப் படிக்கிறீர்கள். ஆங்கில ஏ விசையை அழுத்தினால் 30 வரும், விட்டால் 158 வரும். அந்த வேலை முடிந்ததும் 'முடித்துவிட்டேன்' என்று இன்டரப்ட் சில்லுக்கு நீங்கள் அறிவிக்க வேண்டும். 32ஆம் வாயிலுக்கு 32 என்ற எண்ணை அனுப்புவதுதான் அந்த அறிவிப்பு. அனுப்பாவிட்டால், நீங்கள் இன்னும் முதல் விசையைக் கவனித்துக்கொண்டிருப்பதாகவே அது நினைக்கும். அடுத்த விசையை உங்களிடம் விடாது.

என்னை மூன்று இரவுகள் ஏமாற்றியது வேறொன்று. திரையின் மூலையில் நான் வைத்திருந்த விநாடிக் கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்டரப்ட் பகுதி முழுவதும் சரி என்று அதைப் பார்த்து முடிவுகட்டிவிட்டேன். கடிகாரத்தின் இன்டரப்ட் விசைப்பலகையினதைவிட முன்னுரிமை கூடியது. அதனால் விசைப்பலகை அடைபட்ட பின்னும் அது தடையின்றி வந்துகொண்டிருக்கும். அதை நான்காம் நாள் காலை, குசினியில் தேநீர் ஊற்றும்போது உணர்ந்தேன். சேர்த்தது ஒரே ஒரு வரி.

96ஆம் வாயிலைப் படிக்காமல் விட்டாலும் இதே அறிகுறிதான் தோன்றும். இரண்டையும் பாருங்கள்.

கணினி எழும்பியதும் மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆகிறதே?

செயலிக்கு ஒரு பிழை நேர்ந்தால் அதைக் கையாளும் செயற்கூற்றைத் தேடும். அது கிடைக்காவிட்டால் இரட்டைப் பிழை. அதையும் கையாள முடியாவிட்டால் மும்மைப் பிழை, உடனே மறுதொடக்கம். பெரும்பாலும், எந்த எண்ணுக்கு எந்தச் செயற்கூறு என்று சொல்லும் இன்டரப்ட் அட்டவணை தவறாக இருக்கும். இன்னொரு பொதுவான காரணம்: பழைய இன்டரப்ட் சில்லின் இயல்பான அமைப்பில் கடிகாரம் 8ஆம் எண்ணோடு வருகிறது, செயலியின் இரட்டைப் பிழைக்கும் அதே எண்தான். முதலில் அவற்றை 32க்கு மேல் நகர்த்துங்கள். கியூஎமுவில் இன்டரப்ட்டுகளைப் பதிவுசெய்யும் வசதியும், மறுதொடக்கம் ஆகாமல் நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு. இரண்டையும் இயக்கிவிட்டுப் பதிவின் கடைசி வரிகளைப் படியுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது. அது பழுதாகிவிடுமா?

கியூஎமுவுக்குள் இருக்கும்வரை எதுவும் ஆகாது. உண்மையான கணினியில் ஓட்டும்போது வன்வட்டைக் கழற்றிவிட்டு, யூஎஸ்பியிலிருந்து தொடங்குங்கள். வட்டில் எழுதும் நிரலில் ஓர் எண் தவறினால் வீட்டுப் படங்கள் எல்லாம் போய்விடும். மற்றவர்களின் கணினியில் சோதனை செய்யவே வேண்டாம்.

திரையில் தமிழ் வருமா?

வரும். இந்த வேலையில் எனக்கு அதிக நிறைவைத் தந்த பகுதி இதுதான்.

'கிளிநொச்சி' என்ற சொல்லை எடுங்கள். நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அது பத்துக் குறியீடுகள்: க, இகரக் குறி, ள, இகரக் குறி, ந, ஒகரக் குறி, ச, புள்ளி, ச, இகரக் குறி. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு என்பதால், வட்டில் 30 பைட்டு. ஐந்து, பத்து, முப்பது. நீளம் என்ன என்று கேட்கும் ஒவ்வொரு செயற்கூற்றிலும் எந்த நீளத்தைக் கேட்கிறீர்கள் என்பதை முடிவுசெய்தாக வேண்டும். பின்னழிப்பு விசையை அழுத்தினால் 'சி' முழுவதும் போக வேண்டுமா, இகரக் குறி மட்டுமா? நான் கடைசிக் குறி மட்டும் போகும்படி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

வரைவது அடுத்த சிக்கல். 'நொ' நினைவகத்தில் ந முன்னும் குறி பின்னுமாக இருக்கிறது. திரையில் கொம்பு முதலில், நடுவில் ந, பிறகு கால். ஆகவே வரையும் நிரல் ஒரு குறியீடு முன்னால் எட்டிப்பார்த்தே வேலை செய்ய வேண்டும். கு, மு, டு, நு என்று உகர வரிசையில் மெய்க்கு மெய் வடிவமும் மாறுகிறது.

நான் செய்த வழி இது. எழுத்துமுறைத் திரையை விட்டுவிட்டு, புள்ளி புள்ளியாக வரையக்கூடிய திரைக்கு மாறினேன். 1024க்கு 768 புள்ளிகள், புள்ளிக்கு நான்கு பைட்டு. மொத்தம் சரியாக 3 மெகாபைட். 247 எழுத்துகளையும் தனித்தனியே வரையத் தேவையில்லை என்று ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் கணக்குப் போட்டபோது தெரிந்தது. உயிர் 12, ஆய்தம் 1. பதினெட்டு மெய்க்கும் புள்ளி, அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஆகிய ஆறு வடிவம், ஆக 108. தனியே நிற்கும் குறிகள் ஐந்து: கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, ஔகாரத்தின் பின்பகுதி. எல்லாமாக 126 வடிவங்கள் போதும். கிரந்த எழுத்துகளைப் பின்னர் சேர்த்தேன். அந்தக் கொப்பியில் எழுத்துக்கு 24 கட்டம் உயரம் வைத்து, கறுப்பாக்கிய கட்டங்களை எண்களாக மாற்றினேன். 'ணூ' எழுத்துக்கு மட்டும் நான்கு பக்கம் கிழித்திருக்கிறேன். பெரிய இயங்குதளங்களில் இந்த வேலையை எழுத்துருவும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரலகங்களும் செய்கின்றன. சிறிய திரைக்கு என் 126 போதுமானதாக இருக்கிறது.

தட்டச்சிலும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் பலருடைய விரல்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவின் விசை முறைக்குப் பழகியவை. பாமினியில் கொம்பை முதலில் தட்டி, பிறகு மெய்யைத் தட்டுவோம். யூனிகோடு வரிசை அதற்கு நேர்மாறு. ஆகவே விசைப்பலகை நிரல் கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, மெய் வந்ததும் அதைக் கொடுத்துவிட்டுப் பின்னால் கொம்பைக் கொடுக்க வேண்டும். அடுத்து கால் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒகரக் குறியாக்க வேண்டும். தமிழ்99 என்ற மற்ற விசை முறைக்கு இந்தச் சிரமம் இல்லை.

மின்சாரம் அடிக்கடி போகிறதே, ரீச்சர்?

2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. என் கோப்பு முறைமையை நான் திருத்தி எழுதியது அந்த நாட்களில்தான்.

ஒரு கோப்பைச் சேமிக்கும்போது வட்டில் குறைந்தது மூன்று இடங்களில் எழுத வேண்டியிருக்கிறது: உள்ளடக்கம், கோப்பின் விவரம், எந்தத் தொகுதி வெறுமையாக இருக்கிறது என்ற பட்டியல். இரண்டை எழுதி மூன்றாவதற்கு முன் மின்சாரம் போனால், ஒரே தொகுதி இரண்டு கோப்புகளுக்குச் சொந்தமாகிவிடலாம். அதற்குத் தீர்வு, செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் முழுமையாக எழுதி, வட்டின் தற்காலிக நினைவகத்திலிருந்தும் அது இறங்கிவிட்டது என்று உறுதிசெய்த பிறகே உரிய இடங்களில் எழுதுவது. மீண்டும் எழும்பும்போது, குறிப்பேட்டில் முடிவுக்குறி இருந்தால் அதைத் திரும்பச் செய்யலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். 2001இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட எக்ஸ்ட்3 கோப்பு முறைமையிலும் இந்த ஏற்பாடு இருந்தது.

இதைச் சோதிக்க மின்கம்பியைப் பிடுங்க வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும் கியூஎமுவை எதேச்சையான கணங்களில் நிறுத்தி, திரும்ப எழுப்பி, கோப்புகளைச் சரிபார்க்கும் சிறு நிரலொன்றை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். மாரியில் இடி முழங்கும்போது மட்டும் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மின்னல் தாக்கினால் எந்தக் குறிப்பேடும் காப்பாற்றாது.

எவ்வளவு காலம் எடுக்கும்?

திரையில் ஒரு சொல் வர எனக்கு ஒரு வார இறுதி போனது. விசைப்பலகையும் நினைவகப் பங்கீடும் ஒரு பாடசாலைத் தவணை. தனி நிரல் ஒன்றைப் பாதுகாப்பாக ஓட்ட இரண்டாம் ஆண்டு முடிந்துவிட்டது. ஆறாம் ஆண்டிலும் வலையமைப்புப் பகுதி அரைகுறையாகவே இருக்கிறது.

ஆவணங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே?

உண்மை. தமிழ் மொழிமூலம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தை எதிர்கொள்ளும் பிள்ளைகளின் சிரமம் எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அப்படி வந்தவள்தான். இன்டெல் நிறுவனத்தின் கையேடு இலவசம், ஆனால் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். அதை முழுவதும் படிப்பவர் எவரும் இல்லை. இன்டரப்ட், நினைவகப் பக்கங்கள் ஆகியவை பற்றிய அத்தியாயங்களை மட்டும் எடுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறுதான். ஒவ்வொன்றையும் உங்கள் சொந்த வசனத்தில் தமிழில் எழுதிவையுங்கள். என் மூலநிரலின் குறிப்புரைகள் முழுவதும் தமிழில்தான் இருக்கின்றன.

படிக்க ஏற்ற முழு உதாரணம் வேண்டுமென்றால், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்களுக்காக 2006இல் எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளம் இருக்கிறது. பத்தாயிரம் வரிக்குள் அடங்கும். அச்செடுத்து வைத்துப் பென்சிலோடு படிக்கலாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதிவிட்டால் என்ன?

விளக்கம் கேளுங்கள். முழு நிரலையும் வாங்கி ஒட்டாதீர்கள். விளங்காத பத்து வரிக்கு மேல் அடுத்த ஆயிரம் வரியைக் கட்டினால், அது விழும்போது உங்களால் எதையும் தூக்கி நிறுத்த முடியாது.

இதனால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?

இதைக் கேட்ட தாய்மாருக்கு நான் நேராகவே பதில் சொன்னேன். இதற்கென்று ஒரு சான்றிதழும் கிடையாது. உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய ஆறு மாதத்தில் இதைத் தொடவே வேண்டாம். ஆனால் சிறு சாதனங்களுக்கான மென்பொருள், இயந்திரக் கட்டுப்பாடு, கணினிப் பாதுகாப்பு போன்ற துறைகளில் நினைவகமும் இன்டரப்ட்டும் கைப்பழக்கமாக இருப்பது உண்மையான பலம். நேர்முகத்தில் தான் எழுதியதை வரிக்கு வரி விளக்கக்கூடிய பிள்ளை தடுமாறாது.

இன்னொன்றும் சொன்னேன். மின்சாரம் இல்லாத அந்தப் போர் ஆண்டுகளில் நம் வீடுகளில் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்ததால்தான் அது முடிந்தது. அந்த அறிவு கணினியிலும் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

உங்கள் இயங்குதளத்துக்கு என்ன பெயர்?

இன்னும் வைக்கவில்லை. வலையமைப்பு வேலை செய்யட்டும்.

நானும் தொடங்கினால் கொண்டுவந்து காட்டலாமா?

கட்டாயம். சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள். திரையைப் படமெடுத்து வருவதைவிட, மூலநிரலையும் கியூஎமு எழுதிய பதிவையும் யூஎஸ்பியில் கொண்டுவாருங்கள். கடைசியாக எந்த வரியை மாற்றிய பிறகு பிழை வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.